பதினொன்று ஐம்பத்தைந்துக்கு டென்சில் வருவான்!

செத்துப்போன டென்சில், சரியாகப் பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தந்தி அடிக்க ஆரம்பித்தான்!

ஓஸ்வால்டின் விரல்கள் டைப்ரைட்டரின் மேல் அப்படியே நின்றன.

காதில் ஹெட்ஃபோன். அதற்குள் அப்பளம் பொரிவது போல ஓயாத கரகரப்பு. அதற்கு நடுவே, சின்னச் சின்னக் கீச்சொலிகளாக... அந்தக் கை!

தந்திக்காரனுக்குக் குரல் கிடையாது. கைதான் குரல். ஆயிரம் பேர் அடித்தாலும் தெரிந்தவன் கையைத் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். டென்சில் ஒவ்வொரு வார்த்தையின் கடைசி ஒலியையும் விட மனசில்லாமல் இழுப்பான். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுகிற உறவுக்காரர் மாதிரி.

'டென்சில்... நீயா மச்சான்?'

இருக்க முடியாது!

மூன்று மாதத்துக்கு முன் அத்திபெலே ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தவன் டென்சில். சவப்பெட்டியின் முன் மூலையைச் சுமந்தவன் ஓஸ்வால்ட். நன்றாகக் கனத்தது. உள்ளே ஆள் இருந்தான் என்பதில் சந்தேகமே கிடையாது.

விரல்கள் தாமாக டைப் அடிக்க ஆரம்பித்தன. பழக்கம். செய்தியின் தலைப்பில், மொத்தம் நூற்று எண்பது தொகுதிகள் என்று இருந்தது. தொகுதிக்கு ஐந்து எழுத்து. எல்லாம் சங்கேதம். அர்த்தம் அடிக்கிறவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

பன்னிரண்டு மணி.

மாதா கோயில் மணி அடித்தது. ஓஸ்வால்ட் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தான். எழுந்து நின்றான். சிலுவை போட்டுக்கொண்டு திரிகால ஜெபம் சொன்னான். ஏழு வயதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. யுத்தமே நடந்தாலும் தவறாது. நடந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டு நிமிஷம். மறுபடி உட்கார்ந்தான். ஹெட்ஃபோனை மாட்டினான்.

டென்சில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான்!

1943, ஆகஸ்ட். ஜப்பான்காரன் பர்மாவில் உட்கார்ந்திருந்தான். பெங்களூர் கன்டோன்மென்டில் ஒலிபரப்பும் பெட்டி வைத்திருந்து பிடிபட்டால் தூக்கு. அப்படி யாராவது ஒலிபரப்புகிறானா என்று காது கொடுத்துக் கேட்பதுதான் ஓஸ்வால்டின் உத்தியோகம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. வாசல் பலகையில் 'பட்டுப்புழு ஆராய்ச்சிக் கிளை' என்று எழுதியிருக்கும், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று. அதை நம்பி விவசாயிகள் நோய் கண்ட புழுவைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சூப்பர்வைசர் சுப்ரமணியன் அவற்றை உற்றுப் பார்த்து ஏதாவது மருந்து எழுதிக் கொடுப்பார். இரண்டு தடவை புழு பிழைத்தும் இருக்கிறது.

* * *

சுப்ரமணியன் சாப்பாடு முடிந்து பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பினார். பதினொன்றரைக்கே வீட்டுக்குப் போய்விடுவார். ஓஸ்வால்டின் டிபன் கேரியர் திறக்கும்போது அதே கூரையின் கீழ் இருக்க அவருடைய ஆசாரம் இடம் கொடுக்கவில்லை.

"என்னடாப்பா, பேயைப் பார்த்தவன் மாதிரி உக்காந்திருக்கே?"

"பாக்கல சார். கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"டென்சில் கை சார்! ஒலிபரப்பு! சங்கேதத்துல நூத்தி எண்பது தொகுதி!"

சுப்ரமணியன் அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவரும் பழைய தந்தி ஆபீஸ் ஆசாமி. டென்சில், ஓஸ்வால்ட், சுப்ரமணியன் மூன்று பேரும் எட்டு வருஷம் ஒரே மேஜை.

"செத்தவன் தந்தி அடிக்கறான்னு மேல எழுதினா என்ன ஆகும் தெரியுமோ? நம்ம ரெண்டு பேரையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில ஒரே ரூம்ல போடுவா. உன் டிபன் கேரியரோட!"

"பின்ன என்ன சார் பண்றது?"

"ஷீட்டை ஃபைல்ல போடாதே. எங்கிட்ட குடு. பெரிய இடத்துக்கு நானே நேரா எடுத்துண்டு போறேன். நாளைக்கும் வந்தா நாளைக்கும் குடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"சரி சார்."

"முக்கியமா நோராகிட்ட. பாவம், அண்ணனைப் பறிகொடுத்த பொண்ணு. வர ஞாயித்துக்கிழமை கோயில்ல உங்களுக்கு மூணாவது கல்யாண ஓலை வாசிக்கறாளோல்லியோ?"

"ஆமா சார்."

"சமத்தா இரு."

ஓஸ்வால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பனில்லாத குறையை இந்த மனுஷன்தான் தீர்க்கிறார் என்று நினைத்தான்.

நோரா! டென்சிலின் தங்கை. கன்டோன்மென்ட் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பவள். கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. 'இவர்கள் கல்யாணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்' என்று சாமியார் இரண்டு தடவை கேட்டார். யாரும் சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் தாண்டிவிட்டால் கல்யாணம்!

அதுவரை இந்தச் செத்தவன் வாயை... கையை மூட வேண்டும்.

* * *

டென்சில் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்!

தினமும் பதினொன்று ஐம்பத்தைந்து. தினமும் நூற்று எண்பது தொகுதி. தினமும் ஷீட் சுப்ரமணியன் கைக்குப் போனது.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை. ஓஸ்வால்ட் கடைசித் தொகுதியை அடித்து முடித்தான். சும்மா எண்ணிப் பார்த்தான்.

நூற்று எண்பது.

திரும்ப எண்ணினான்.

நூற்று எண்பது!

முதுகுத்தண்டில் யாரோ ஐஸ்கட்டியை வைத்து இழுத்தது போல் இருந்தது.

நடுவில் இரண்டு நிமிஷம் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்து ஜெபம் சொல்கிறான். அந்த இரண்டு நிமிஷத்தில் முப்பத்தைந்து தொகுதியாவது தவறியிருக்க வேண்டும். ஒன்றுகூடத் தவறவில்லை!

அப்படியானால்... அவன் நிறுத்தும்போது அடிக்கிறவனும் நிறுத்துகிறான்!

அதே மணிச் சத்தம் அவன் காதிலும் விழுகிறது. அவனும் எழுந்து நின்று மாதாவை நோக்கி மூன்று பிரியதத்த மந்திரம் சொல்கிறான்!

'டென்சில் இல்லை!'

டென்சில் ஜெபம் சொல்கிற ஜாதியே இல்லை. பன்னிரண்டு மணி அடித்தால் "சோத்து மணி மச்சான்!" என்று கட்லெட் டப்பாவைத் திறக்கிறவன்.

டென்சில் கையை அச்சாக அடிக்கத் தெரிந்த ஆள். மாதா கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. மணி அடித்தால் ராஜத் துரோகத்தைக்கூட நடுவில் நிறுத்திவிட்டு ஜெபம் சொல்லும் பக்தி.

சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனால் தட்டித் தட்டித் தங்கைக்குத் தந்தி பாஷை சொல்லிக் கொடுத்தான் டென்சில். பியானோ வாசிக்கிற விரல். ஒரு தடவை கேட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும்...

ஓஸ்வால்டுக்கு அன்று டிபன் கேரியரைத் திறக்கத் தோன்றவில்லை.

* * *

சனிக்கிழமை. பல்வலி என்று லீவு சொன்னான். பதினொன்றேகாலுக்கு அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். நோரா வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. அன்றைக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது.

பின்பக்கச் சந்து வழியாக வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

டட்... டட்... டா...ஆ...

தந்திச் சாவியின் சத்தம்! ஹெட்ஃபோனில் அல்ல. நேராக. மூன்றடி தூரத்தில்!

கோயில் மணி அடித்தது.

சாவி நின்றது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. நோராவின் முணுமுணுப்பு. இதே ஜெபத்தைக் கல்யாணத்துக்கப்புறம் இருவரும் சேர்ந்து சொல்வதாகப் பேச்சு. இப்போதும் சேர்ந்துதான் சொன்னார்கள். நடுவில் ஒரு சுவர்.

சிலுவை போட்டு முடித்தான். கதவைத் தோளால் இடித்தான்!

"நோரா!"

நோரா திரும்பினாள். பியானோவின் மேல் கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஜன்னல் வழியாகக் கம்பி. அவள் முகம் வெளுத்தது.

"ஓஸ்வால்ட்... நீங்களா? நீங்கதானா?"

"நான்தான்! ஏன், டென்சில் வருவான்னு பாத்தியா?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் அவனை மடக்கின. ஒரு போலீஸ்காரர்.

"அல்லாடபேடி!" என்று கன்னடத்தில் அதட்டினார், அசைந்தால் எலும்பு முறியும் என்கிற தொனியில்.

மூலையில் சோபா. அதில் நாமம் போட்ட மனிதர் ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ மிஸ்டர் ஓஸ்வால்ட் மதலைமுத்து. நான் கஸ்தூரிரங்கன். ஸி.ஐ.டி. இன்ஸ்பெக்டர். ஆறு நாளா உங்களுக்காகத்தான் கச்சேரி நடக்கறது. ரொம்பத் தாமதமா வந்துட்டேள்."

"சார், இவ... இவ ஒற்றுக்காரி!"

"இவ இல்லை. இவ அண்ணா."

"டென்சிலா?"

"செத்தப்புறம் அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். இந்த ரேடியோப் பெட்டி. ஜப்பான்காரனுக்கு அனுப்பின ராணுவ ரயில் நேரம் எல்லாம். அதோட இன்னொண்ணும் இருந்தது. உங்க பட்டுப்புழு ஆபீசோட டூட்டிப் பட்டியல்! எந்த நேரத்துல எந்த அலைவரிசையைக் கேக்கறேள்ங்கற பட்டியல்! நீங்க கேக்காத நேரமாப் பார்த்து அவன் ஜோரா அடிச்சிண்டிருந்திருக்கான்."

எட்டு வருஷம் ஒரே மேஜை. ஒரே கட்லெட்டைப் பாதியாகப் பிய்த்துத் தின்றவன்!

"அந்தப் பட்டியலைக் குடுத்தவன் உங்க ஆபீஸ்ல இருக்கான். டென்சில் கை தெரிஞ்சவா அங்க ரெண்டே பேர். நீங்க, சுப்ரமணியன். அதனால இந்தப் பொண்ணை அவ அண்ணா மாதிரியே, நீங்க கேக்கற நேரத்துல, நீங்க கேக்கற அலைவரிசையில அடிக்கச் சொன்னேன். யோக்கியன் முதல் நாளே மேல ரிப்போர்ட் பண்ணுவான். திருடன் மறைப்பான், எதிரி புது ஆளை அனுப்பியிருக்கான்னு நெனைச்சுண்டு. அப்புறம் அந்தக் கையைத் தேடிண்டு இங்கயே வருவான். ஆறு நாள் ஆச்சு. உங்க ஷீட்டுல டென்சில் பேரே இல்லையே?"

"அந்த நூத்தி எண்பது தொகுதி...?"

"என் ஆத்துக்காரி எழுதின மளிகை லிஸ்ட். சங்கேதத்துல மாத்தினேன்."

ஓஸ்வால்ட் நோராவைப் பார்த்தான். அவள் தந்திச் சாவியைப் பார்த்தாள்.

"நோரா. என்னைப் பிடிக்கறதுக்கா ஆறு நாளா அடிச்ச?"

"ஆமா."

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு! உனக்கு என்மேல சந்தேகமா?"

"எங்கண்ணன்மேல எனக்குச் சந்தேகமே வந்ததில்ல, ஓஸ்வால்ட். கூடவே பொறந்தவன். என் கையாலதான் அவனுக்குச் சோறு போட்டேன். அதுக்கப்புறம்... யாரையும் விட்டு வெக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "தினமும் அடிக்கறப்ப, இன்னிக்கு நீங்க ரிப்போர்ட் பண்ணிடணும், பண்ணிடணும்னு வேண்டிக்கிட்டுத்தான் அடிச்சேன்!"

"பண்ணேனே! முதல் நாளே சுப்ரமணியன் சார்கிட்ட குடுத்தேனே! ஆறு ஷீட்டும்!"

"அவர் வேற மாதிரி சொல்றாரே." இன்ஸ்பெக்டர் டவரா டம்ளரைக் கீழே வைத்தார். "பையன் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கான், ஷீட்டெல்லாம் சுத்தமாத்தான் இருக்குன்னு நேத்து வருத்தப்பட்டுண்டார். உமக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வேற!"

ஆறு தாள்களை ஓஸ்வால்டின் முகத்துக்கு நேரே நீட்டினார். டைப் அடித்தவை. ஒவ்வொன்றின் கீழேயும் 'ஓ.ம.' என்று அவன் முதலெழுத்து. பதினொன்று ஐம்பத்தைந்தில் கரகரப்பு மட்டும். பிறகு கொழும்பு ரேடியோ சங்கீதம். டென்சில் இல்லை!

"புதுச் சட்டம் தெரியுமோல்லியோ? எதிரிக்கு ஒத்தாசை பண்ணினா தூக்கு. அப்பீல்கூடப் பெயருக்குத்தான்."

சுப்ரமணியன்! 'சமத்தா இரு' என்று சொன்ன அந்தத் தகப்பன்! மொத்த ஷீட்டையும் புதிதாக அடித்து, அவன் எழுத்தைப் போட்டு...

எப்படி நிரூபிப்பது? டைப்ரைட்டர் ஒன்றுதான். எழுத்தும் ஒன்றுதான்.

தாளை வெறித்துப் பார்த்தான்.

திடீரென்று சிரித்தான்.

போலீஸ்காரர் பயந்து பிடியை இறுக்கினார்.

"சார்... இதை நான் அடிக்கல."

"எல்லா அக்யூஸ்டும் இதைத்தான் சொல்லுவா."

"பன்னெண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு என்ன போட்டிருக்கு, படிங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றினார். "ஞாயிற்றுக்கிழமை, 12.01. கொழும்பு, பெண் குரல், பாட்டு. திங்கள், 12.01. இரைச்சல். செவ்வாய், 12.01..."

"பன்னெண்டுலேர்ந்து பன்னெண்டு ரெண்டு வரைக்கும் நான் ஹெட்ஃபோனே மாட்ட மாட்டேன் சார்! நின்னுக்கிட்டு ஜெபம் சொல்லுவேன்! அந்த ரெண்டு நிமிஷம் என் ஷீட்டுல எப்பவும் காலி! போன மாச ஷீட்டை எடுங்க. அதுக்கு முந்தின மாசம் எடுங்க. எந்த நாள் வேணாலும் எடுங்க!"

இன்ஸ்பெக்டரின் தகரப்பெட்டியில் மூன்று மாத ஷீட்டும் இருந்தது. எடுத்தார். புரட்டினார்.

ஜூலை 3. காலி.

ஜூலை 19. காலி.

ஜூன் 8. காலி!

புரட்டும் வேகம் கூடிக்கொண்டே போனது. எல்லா நாளும் அந்த இரண்டு நிமிஷம், பல் விழுந்த இடம் மாதிரிக் காலி!

"சுப்ரமணியனுக்கு இது தெரியாதோ?"

"அவர் அந்த நேரம் வீட்டுல சாப்பாட்டுல இருப்பார் சார். என் டிபன் கேரியர் தோஷம். நான் குடுத்த ஆறு ஷீட்டுலயும் காலி இடம் தெரிஞ்சிருக்காது. நான் நிறுத்தறப்ப நோராவும் நிறுத்தியிருக்கா. தொகுதி எல்லாம் தொடர்ச்சியா ஓடியிருக்கு. அதைப் பாத்து அடிச்சவர் ஒரு நிமிஷம் விடாம ரொப்பிட்டார்!"

இன்ஸ்பெக்டர் நோராவைப் பார்த்தார்.

"உண்மையா?"

"ஏழு வயசுலேர்ந்து, சார். அம்மை போட்டப்பகூட கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னார்." அவள் அழுதுகொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும். எனக்கு இது தோணவே இல்லையே!"

போலீஸ்காரரின் பிடி தளர்ந்தது. இன்ஸ்பெக்டர் டெலிபோனை எடுத்து நாலே வார்த்தை பேசினார். பத்தே நிமிஷத்தில் அது திரும்ப அலறியது. கேட்டார். வைத்தார்.

"பிடிச்சாச்சு. சாதத்துல ரசம் விட்டுண்டிருந்தாராம். மோர் வரைக்கும் டயம் கேட்டாராம். உங்க ஆறு ஒரிஜினல் ஷீட்டும் அவர் பூஜை அலமாரிக்குள்ளேயே கிடைச்சுது."

நோரா மெல்ல எழுந்து ஓஸ்வால்டின் பக்கத்தில் வந்தாள். அவன் நகர்ந்து நின்றான்.

"என்னை மன்னிச்சுடுங்க."

அவன் கசங்கிய சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒலிபரப்பு என் வீட்டுலேர்ந்துதான்னு எப்படியோ கண்டுபிடிச்சிருக்கீங்க. ஆனா போலீசைக் கூட்டிட்டு வரல. தனியா, என்கிட்ட வந்தீங்க. என்னைக் காப்பாத்தத்தானே வந்தீங்க? நான் உங்களைத் தூக்குல போடப் பாத்தேன். நீங்க என்னை..."

அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம்!

ஒரு லாரி இருமிக்கொண்டே வந்து நின்றது. பூட்ஸ் காலடிகள்! ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு டஜன்! கதவு இரண்டாம் தடவையாக உடைந்தது!

துப்பாக்கி நீட்டியபடி ஒரு மிலிட்டரி ஹவில்தார். பின்னால் ஐந்து சிப்பாய்கள். எல்லார் முகத்திலும் கரி.

"ஹவில்தார் நாணு! யாரும் அசையக்கூடாது! இங்க நோராங்கற ஒற்றுக்காரி யாரு?"

"என்னய்யா இது?" என்று எழுந்தார் இன்ஸ்பெக்டர். "யார் அனுப்பிச்சா?"

"பதினொன்றரைக்கு போன் வந்துச்சு சார். அப்பவே கிளம்பினோம். பெட்ரோல் ரேஷன், கரிப்புகையில ஓடற வண்டி, ஸ்டார்ட் ஆகல. பாதித் தூரம் தள்ளிக்கிட்டுதான் வந்தோம்."

"போன் பண்ணது யாரு?"

ஹவில்தார் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஓஸ்வால்ட்... மதலைமுத்து. மார்க்கெட் பக்கம் மருந்துக் கடையிலேர்ந்து."



நோரா ஒரு அடி பின்னால் போனாள்.

"ஓஸ்வால்ட்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்க... வரதுக்கு முன்னாடியே... என்னைப் பிடிச்சுக் குடுத்துட்டா வந்தீங்க?"

"லாரி வரதுக்குள்ள உன்கிட்ட ஒரு தடவை கேட்டுடலாம்னு வந்தேன். ஏன் இப்படிப் பண்ணேன்னு."

"என்னைக் கேக்காமலே!"

"நீ ஆறு நாள் யோசிச்சு என்னை மாட்டிவிட்ட. நான் ஒரே ஒரு நாள்தான் யோசிச்சேன்."

இன்ஸ்பெக்டர் கஸ்தூரிரங்கன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட அசடே! மிலிட்டரிக்கு போன் பண்ணினேன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உம்மை அந்த நிமிஷமே விட்டிருப்பேனே! தூக்குக் கயிறு கழுத்துக்கு வந்தாச்சு. அப்பவும் ஏன் ஓய் சொல்லலை?"

ஓஸ்வால்ட் நோராவைப் பார்க்காமல் சொன்னான்.

"இவ முன்னாடி எப்படி சார் சொல்றது?"

நோராவின் உதடு துடித்தது. அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. பியானோவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஸ்டூலில் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள். அவன் போய் உட்காரவில்லை. கிளம்பவும் இல்லை.

ஹவில்தார் நாணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்ப யாரை சார் ஏத்தணும் வண்டியில?"

"யாரையும் வேண்டாம்." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து நாமம் கலையாமல் வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"நாளைக்கு அந்த மூணாவது ஓலையைத் தைரியமா வாசிக்கச் சொல்லுங்கோ. ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் கண்டுபிடிக்க இனிமே உங்களுக்கு ஒண்ணும் பாக்கி இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆறது... என்னைப் பத்தி என் ஆத்துக்காரி குடுக்கற ரிப்போர்ட் எந்த ஆபீசுக்குப் போறதுன்னு ஸி.ஐ.டி.யாலயே இன்னும் கண்டுபிடிக்க முடியலை!"